பூட்டிய பெட்டிக்குள் மிச்ச வேகம்: பிராண்டட் கணினிகளும் ஓவர்கிளாக்கிங்கும்

ஒரு பிராசசரைத் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓடவைப்பது ஓவர்கிளாக்கிங். பழைய கணினியில் புதிய பிராசசர், கூடுதல் ரேம், வேறு டிஸ்க் என்று மாற்றிப் போட்டு அதன் ஆயுளை நீட்டிப்பது அப்கிரேடு. இரண்டும் வேறு வேறு வேலைகள். ஆனால் ஐ.பி.எம்., காம்பேக், டெல், எச்.பி. போன்ற நிறுவனங்கள் விற்ற மேசைக் கணினிகளில் இரண்டுக்கும் ஒரே தடைதான் இருந்தது. பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த அசெம்பிள்டு கணினியில் எதை மாற்றுவது என்பது வாங்கியவர் கையில் இருக்கும். பிராண்டட் கணினியில் மதர்போர்டு, பயாஸ், பவர் சப்ளை, கேபினட், மின்விசிறியின் செருகி வரை எல்லாமே விற்றவர் முடிவு. 1980களின் நடுவிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள், அந்த முடிவுகளைத் தாண்டிப் பெட்டிக்குள் மிஞ்சிக் கிடந்த வேகத்தை எடுத்துக்கொள்ளும் வழிகளைப் பயனர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். நிறுவனங்கள் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்தன.

மிச்ச வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரே சிலிக்கான் தகட்டில் ஒரே வடிவமைப்பில் நூற்றுக்கணக்கான சிப்கள் செய்யப்படுகின்றன. அவை எல்லாம் ஒன்றுபோல் அமைவதில்லை. சோதித்துப் பார்த்து, எந்த வேகம் வரை பிழையின்றி ஓடுகிறது என்பதற்கேற்ப அவற்றைத் தரம் பிரிக்கிறார்கள். அந்த வேகமும் ஓரளவு குறைத்தே குறிக்கப்படுகிறது. கோடை வெயிலில், தூசி அடைந்த பெட்டியில், பல ஆண்டு ஓடித் தேய்ந்த பிறகும் சிப் தவறு செய்யக் கூடாது என்பதற்காக விடும் இடைவெளி அது. இதுவரை உள்ளது பொறியியல். இதற்கு மேல் வணிகமும் உண்டு. தொழிற்சாலை தேர்ச்சி அடைய அடைய, வரும் சிப்களில் பெரும்பாலானவை உயர்ந்த வேகத்துக்குத் தகுதி பெற்றுவிடுகின்றன. சந்தையோ மலிவான சிப்களைத்தான் அதிகம் கேட்கிறது. அப்போது வேகமான சிப்பின் மேலேயே குறைந்த வேகத்தின் எண் அச்சாகிறது. ஓவர்கிளாக்கிங் செய்தவர்கள் தேடியது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை மிச்சத்தைத்தான்.

அதற்கு விலையும் உண்டு. ஒரு சிப் எடுக்கும் மின்திறன் அதன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தை 20 சதவீதமும், அதைத் தாங்குவதற்காக மின்னழுத்தத்தை 10 சதவீதமும் உயர்த்தினால், வெப்பம் ஏறக்குறைய 45 சதவீதம் கூடிவிடும். மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் கூட்டினால் வெப்பம் அந்த 20 சதவீதத்தோடு நின்றுவிடும். பிராண்டட் கணினிகளில் மின்னழுத்தத்தை மாற்ற வழியே இல்லாததால், அவற்றில் நடந்த ஓவர்கிளாக்கிங் பெரும்பாலும் இந்த மிதமான வகையாகவே இருந்தது.

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த இன்டெல் 8088 சிப்பின் தகுதி 5 மெகாஹெர்ட்ஸ். அது ஓடியதோ 4.77 மெகாஹெர்ட்ஸில். காரணம் தொலைக்காட்சி. பெட்டிக்குள் இருந்த ஒரே படிகம் 14.31818 மெகாஹெர்ட்ஸில் துடித்தது. அதை 4ஆல் வகுத்தால் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்குத் தேவையான 3.58 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 3ஆல் வகுத்தால் பிராசசருக்கு 4.77. ஒரு படிகத்தின் செலவை மிச்சப்படுத்த எடுத்த முடிவு அது. அதே கடிகாரத்தையே கணினியின் மற்ற பாகங்களும் நம்பியிருந்ததால் படிகத்தை மாற்றி இந்த இயந்திரத்தை வேகப்படுத்துவது எளிதாக இல்லை. செய்ய முடிந்தது வேறு: 8088ஐக் கழற்றிவிட்டு, அதே கால்களில் பொருந்தும் என்.இ.சி. நிறுவனத்தின் வி20 சிப்பைச் செருகுவது. அது அதே 4.77 மெகாஹெர்ட்ஸிலேயே சற்று வேகமாகக் கணக்குப் போட்டது.

அந்த முதல் பெட்டியில் வேறொரு குறையும் இருந்தது. அதன் பவர் சப்ளையின் திறன் வெறும் 63.5 வாட். ஹார்ட் டிஸ்க் சேர்க்க விரும்பியவர்கள் பலருக்கு அது போதவில்லை. 1983இல் வந்த எக்ஸ்.டி. மாடலின் 130 வாட் பவர் சப்ளையையோ அதற்கு இணையான வேறொன்றையோ வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. பிராசசரைப் பற்றிய பேச்சுக்கு நடுவே பவர் சப்ளை குறுக்கே நிற்பது இந்த வரலாற்றில் அன்று தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. ஆனால் ஐ.பி.எம். அப்போது ஒரு பெரிய கதவைத் திறந்தே வைத்திருந்தது. கணினியின் முழு மின்சுற்று வரைபடத்தையும் பயாஸின் நிரல் வரிகளையும் தன் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டு விற்றது. நகல் கணினிகள் பெருகவும், துணைக் கார்டு செய்யும் தொழில் வளரவும் அந்தக் கையேடு பெரிதும் உதவியது.

பிராண்டட் கணினியில் பரவலாக நடந்த முதல் ஓவர்கிளாக்கிங்குக்கு இலக்கானது 1984 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். ஏ.டி. அதில் 80286 பிராசசர் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. மதர்போர்டில் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருந்தது. சிப் அதைப் பாதியாக்கி எடுத்துக்கொண்டது. பிராசசருக்கான கடிகாரம் இங்கே தனியாக இருந்ததோடு, அந்தப் படிகம் சால்டர் செய்யப்படாமல் சாக்கெட்டில் செருகப்பட்டும் இருந்தது. மூடியைத் திறந்து, விரல்நுனி அளவுள்ள அந்த உலோக வில்லையைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் 8 மெகாஹெர்ட்ஸ். 18 செருகினால் 9. சில டாலர் செலவில் பல ஆயிரம் டாலர் கணினி மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடிவிட்டது. விரிவாக்கக் கார்டுகளும் அதே கடிகாரத்தில் ஓடியதால் சில கார்டுகள் இந்த வேகத்தைத் தாங்காமல் தடுமாறின. பெரும்பாலான இயந்திரங்களில் 8 மெகாஹெர்ட்ஸ் வரை சிக்கல் எழவில்லை.

பின்னர் வந்த ஏ.டி.யின் பயாஸில் ஐ.பி.எம். ஒரு சோதனையைச் சேர்த்தது. கணினி தொடங்கும்போது பிராசசரின் வேகத்தை அளந்து பார்த்து, எதிர்பார்த்ததைவிட வேகமாக இருந்தால் மேற்கொண்டு இயங்க மறுத்துவிடும். விற்றுவிட்ட பொருளை வாங்கியவர் வேகப்படுத்தக் கூடாது என்று ஒரு நிறுவனம் நிரலில் எழுதிவைத்தது இதுவே தொடக்கம் எனலாம். அதற்கும் மாற்று வந்தது: தொடக்கச் சோதனை முடியும்வரை பழைய வேகத்தில் இருந்து, முடிந்ததும் வேகத்தை உயர்த்தும் துணைக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 1986இல் ஐ.பி.எம். தானே 8 மெகாஹெர்ட்ஸ் ஏ.டி.யை விற்கத் தொடங்கியது.

இதே காலத்தில் தைவானிலிருந்து வந்த நகல் கணினிகளின் முகப்பில் டர்போ பட்டன் என்று ஒன்று தோன்றியது. அதன் வேலை உண்மையில் வேகத்தைக் குறைப்பது. பழைய விளையாட்டுகள் 4.77 மெகாஹெர்ட்ஸை நம்பி எழுதப்பட்டிருந்ததால், வேகமான கணினியில் அவை கைக்கெட்டாத வேகத்தில் ஓடின. வேகத்தைத் தேர்வது பயனரின் விரலில் இருந்த அந்தச் சில ஆண்டுகளில், ஐ.பி.எம். பெட்டி வைத்திருந்தவர்கள் வேகமூட்டும் கார்டுகளை நாடினார்கள். 1987இல் இன்டெல் நிறுவனமே இன்போர்டு 386 என்ற கார்டை விற்றது. பழைய ஏ.டி.யின் 286 சாக்கெட்டிலிருந்து ஒரு கேபிள் இந்தக் கார்டுக்கு வரும். கார்டில் இருக்கும் 386 அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட்டும் மாக் 10, மாக் 20 என்ற பெயர்களில் இத்தகைய கார்டுகளை விற்றது. விலை குறைவில்லை. ஆனால் முழுக் கணினியை மாற்றுவதற்கு அலுவலகங்களிடம் பணம் இல்லாதபோது அது ஒரு வழி.

1992இல் இன்டெல் கொண்டுவந்த 486டிஎக்ஸ்2 இந்தத் துறையின் கணக்கையே மாற்றியது. மதர்போர்டு 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது சிப் தனக்குள் அதை இரட்டித்து 66இல் ஓடியது. பஸ்ஸின் வேகம் ஒன்று, பெருக்கி ஒன்று; இரண்டையும் பெருக்கினால் பிராசசரின் வேகம். அடுத்த இருபது ஆண்டு ஓவர்கிளாக்கிங் முழுவதும் இந்த இரண்டு எண்களைச் சுற்றியே நடந்தது. இன்டெல் இதையே ஓவர்டிரைவ் என்ற பெயரில் சில்லறைப் பெட்டியில் வைத்து, பழைய 486 கணினி வைத்திருப்பவர்களுக்கு அப்கிரேடாக விற்றது. காம்பேக் புரோலீனியா போன்ற அன்றைய பிராண்டட் கணினிகள் பலவற்றில் அது நேராகப் பொருந்தியது.

1995இல் வந்த 486க்கான பென்டியம் ஓவர்டிரைவ் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 5 வோல்ட் சாக்கெட்டில் 3.3 வோல்ட் சிப்பை ஓட்ட, மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றும் ஒரு மின்விசிறியும் சிப்பின் தலையிலேயே கட்டப்பட்டிருந்தன. எந்த நிறுவனத்தின் எந்த மாடலில் அது ஓடும், எதற்குப் புதிய பயாஸ் வேண்டும் என்பதற்கு இன்டெல் பட்டியல் வெளியிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஏ.எம்.டி. விற்ற 133 மெகாஹெர்ட்ஸ் 5x86 சிப், 486 சாக்கெட்டிலேயே அமர்ந்து, 75 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு ஈடாக, மலிவாக வேலை செய்தது. மெக்கின்டாஷ் பக்கம் நிலைமை இன்னும் நன்றாக இருந்தது. 1995இல் வந்த பவர் மெக்கின்டாஷ் 7500இல் பிராசசர் தனிக் கார்டில் இருந்ததால், சானெட் போன்ற நிறுவனங்கள் பின்னாளில் ஜி3, ஜி4 கார்டுகளைச் செய்து விற்றன. ஆப்பிள் விற்ற பெட்டிகளில் இவ்வளவு நீண்ட ஆயுள் பெற்றவை குறைவு.

பென்டியம் காலத்தில் பஸ்ஸின் வேகமும் பெருக்கியும் மதர்போர்டின் ஜம்பர்களால் அமைக்கப்பட்டன. ஒரு நெகிழித் தொப்பியை ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு மாற்றினால் போதும். இந்த எளிமை ஏமாற்றுக்காரர்களுக்கும் கைகொடுத்தது. குறைந்த வேகச் சிப்பின் மேலிருந்த எழுத்துகளை அழித்து, கூடுதல் வேகத்தை அச்சடித்து விற்கும் வேலை 1990களின் நடுவில் உலகெங்கும் நடந்தது. வாங்கியவர் தன் கணினி காரணமின்றி முடங்குவதை மட்டுமே கண்டார். இன்டெல் தன் சிப்களில் பெருக்கியைத் தொழிற்சாலையிலேயே பூட்டியதற்கு இது ஒரு காரணம்; அந்தக் காரணம் நியாயமானது. மலிவான சிப்பை வாங்கி விலை உயர்ந்த சிப்பாக ஓட்டுவதைத் தடுத்ததில் நிறுவனத்துக்கு வருமானமும் இருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

பெருக்கி பூட்டப்பட்டாலும் பஸ் திறந்திருந்தது. அதன் விளைவுதான் செலரான் 300ஏ. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே இல்லை; வேகமில்லாத சிப் என்று பெயர் வாங்கியது. அதைச் சரிசெய்ய ஆகஸ்டில் வந்த 300ஏ சிப்பில் 128 கிலோபைட் கேஷ் பிராசசரின் அதே சிலிக்கான் துண்டிலேயே வைக்கப்பட்டு, பிராசசரின் முழு வேகத்தில் ஓடியது. அன்று உச்சியில் இருந்த பென்டியம் 2இல் கேஷ் 512 கிலோபைட். ஆனால் அது தனிச் சிப்களில் இருந்து பாதி வேகத்தில் ஓடியது. 300ஏ சிப்பின் பெருக்கி 4.5, பஸ் 66 மெகாஹெர்ட்ஸ். பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் சிப்பின் பெருக்கியும் அதே 4.5, பஸ் மட்டும் 100. ஆகவே 300ஏ சிப்பை 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் போட்டால் அது 450இல் ஓடியாக வேண்டும். பெரும்பாலானவை ஓடின. அறிமுக விலை முதலாவதற்கு 149 டாலர், இரண்டாவதற்கு 669 டாலர். வேகத்தின் பெயரால் விற்கப்படுவதில் எவ்வளவு சிலிக்கான், எவ்வளவு விலைப்பட்டியல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சிப் வேறில்லை.

ஏபிட் பிஎச்6 போன்ற மதர்போர்டு வைத்திருந்தவர்கள் பயாஸ் திரையிலேயே 100ஐத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். பிராண்டட் கணினிகளில் அந்தத் திரை இல்லை. டெல், கேட்வே போன்ற நிறுவனங்களின் பெட்டிகளில் இன்டெல் தயாரித்த 440பிஎக்ஸ் போர்டுகள் இருந்தன. 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை அவை நன்றாகவே தாங்கும். ஆனால் எந்த வேகத்தில் ஓடுவது என்று சிப்பிடம் கேட்டுத்தான் அவை முடிவு செய்தன. சிப் பதில் சொல்வது, செலரான் கார்டின் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கநிறப் பட்டைகளில் பி21 என்ற ஒன்றின் வழியாக. அந்தப் பட்டையின் மேல் ஒட்டுநாடாவின் மெல்லிய கீற்றை ஒட்டினாலோ நகப்பூச்சைத் தடவினாலோ தொடர்பு அறுந்துவிடும். போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் சிப் என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் அளவு அகலமுள்ள பட்டை அது. பக்கத்துப் பட்டையைத் தொடாமல் மூடுவதற்கும், ஸ்லாட்டில் செருகும்போது நாடா சுருண்டுவிடாமல் பார்த்துக்கொள்வதற்கும் கைப்பக்குவம் வேண்டும். கணினியைத் திறந்து பூட்டிய பிறகு, திரையில் 450 என்று வந்தால் வேலை முடிந்தது.

அதே 440பிஎக்ஸ் கணினிகள் நீடித்த விதமும் வியப்புக்குரியது. இன்டெல் ஸ்லாட் வடிவத்தைக் கைவிட்டுச் சாக்கெட்டுக்குத் திரும்பியபோது, சாக்கெட் சிப்பை ஸ்லாட்டில் பொருத்தும் இடைக்கார்டுகள் வந்தன. 2002இல் 1.4 கிகாஹெர்ட்ஸ் செலரான் வந்தது. அதன் பஸ்ஸும் 100 மெகாஹெர்ட்ஸ்தான். பவர்லீப் என்ற நிறுவனம் மின்னழுத்தத்தையும் மாற்றித் தரும் இடைக்கார்டைச் செய்தது. 1998இல் 350 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2வோடு வாங்கிய கணினி, நான்கு ஆண்டு கழித்து அதே போர்டில், அதே பஸ்ஸில், நான்கு மடங்கு வேகச் சிப்பை ஏற்றுக்கொண்டது. அப்படி ஒரு அப்கிரேடு அதன் பிறகு வந்த எந்தத் தலைமுறையிலும் எளிதில் கிடைத்ததில்லை.

பழைய கணினிக்கு இத்தனை செய்தவர்களில் சிலர் பவர் சப்ளையில் மாட்டிக்கொண்டார்கள். 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். தரத்தில் 20 கம்பிச் செருகி ஒன்று உண்டு. 1998 முதல் சில ஆண்டுகள் டெல் விற்ற பல கணினிகளில் அதே வடிவச் செருகிதான் இருந்தது. ஆனால் எந்த ஓட்டையில் எந்த மின்னழுத்தம் என்பது மாறியிருந்தது, 3.3 வோல்ட் கம்பிகள் பிரதான செருகியிலிருந்து பிரிக்கப்பட்டு வேறொரு 6 கம்பிச் செருகிக்குப் போயிருந்தன. கடையில் வாங்கிய சாதாரண பவர் சப்ளையை அந்த மதர்போர்டில் மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். பட்டனை அழுத்தியதும் போர்டோ பவர் சப்ளையோ கருகும் அபாயம் இருந்தது. பெட்டியில் எச்சரிக்கை எதுவும் இல்லை. வேறு வடிவச் செருகியை வைத்திருந்தால் யாரும் தவறாக மாட்டியிருக்க மாட்டார்கள். இந்த வரலாற்றில் நிறுவனங்கள் எடுத்த முடிவுகளில் மிகக் குறைந்த நியாயம் உள்ளது இதுதான்.

2000இல் ஏ.எம்.டி.யின் டியூரான், தண்டர்பேர்டு சிப்கள் பென்சிலால் திறக்கப்பட்டன. சிப்பின் மேற்பரப்பில் எல்1 என்று குறித்த இடத்தில் துண்டிக்கப்பட்டிருந்த நுண்ணிய இணைப்புகளைப் பென்சில் கரியால் கோடிழுத்துச் சேர்த்தால் பெருக்கியின் பூட்டு திறந்துகொள்ளும். அடுத்து வந்த அத்லான் எக்ஸ்.பி.யில் அந்த இடத்தில் லேசரால் குழி தோண்டிவிட்டார்கள். குழியை முதலில் பசையால் நிரப்பி, அதன் மேல் மின்கடத்தும் பூச்சால் கோடிழுக்க வேண்டியதாயிற்று. எனினும் இவையெல்லாம் பெருக்கியைத் தேர்வு செய்ய வழியுள்ள மதர்போர்டில்தான் பயன்பட்டன. பிராண்டட் கணினி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பார்வையாளர்களே.

பென்டியம் 4 காலம் பெட்டிகளுக்குச் சோதனைக் காலம். 2004இல் வந்த பிரெஸ்காட் சிப் கக்கிய வெப்பத்தை வெளியேற்ற இன்டெல் பி.டி.எக்ஸ். என்ற புதிய பெட்டி அமைப்பை முன்வைத்தது. டெல் அதைப் பரவலாக ஏற்றது. மற்றவர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. இன்டெலும் 2006இல் கைவிட்டது. பி.டி.எக்ஸ். பெட்டி வைத்திருந்தவர்களுக்கு வேறு மதர்போர்டு மாற்றும் வழியே இல்லாமல் போனது. அதே ஆண்டுகளில் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 போன்ற கணினிகளின் மதர்போர்டில் இருந்த மின்தேக்கிகள் தலை உப்பிக் கசிந்தன. பழுதுபார்க்கும் செலவுக்காக 2005இல் டெல் 30 கோடி டாலரை ஒதுக்கியது. ஓவர்கிளாக்கிங் செய்யாமலேயே மின்தேக்கிகள் வீங்கிய போர்டில் வேகத்தைக் கூட்டுவதற்கு இடமில்லை. பழைய கணினியில் எதைச் செய்வதற்கும் முன்பு பிராசசரைச் சுற்றி நிற்கும் அந்தச் சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் பழுதுபார்ப்பவர்களிடம் அப்போது வேரூன்றியது.

2006 ஜூலையில் கோர் 2 டியூவோ வந்ததும் மிச்ச வேகம் மறுபடி நிறையக் கிடைத்தது. குறைந்த வெப்பம், நல்ல இடைவெளி, பெரும்பாலும் மலிவு. 2007இல் வந்த நான்கு கோர் க்யூ6600 சிப்பின் பெருக்கி 9, பஸ் 266 மெகாஹெர்ட்ஸ், வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். 333 மெகாஹெர்ட்ஸ் பஸ் கிடைத்தால் 3.0. செலரான் காலத்து உபாயம் இங்கே புது உருவில் திரும்பியது. இந்தச் சிப்களுக்குக் கால்கள் இல்லை. அடியில் தங்கநிறப் புள்ளிகள் மட்டும். அவற்றில் பிஎஸ்இஎல் என்ற மூன்று புள்ளிகள் பஸ்ஸின் வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்கின்றன. 266க்கு மூன்றும் தரையோடு இணைந்திருக்கும். மூன்றில் ஒன்றை மட்டும் ஒட்டுநாடாத் துண்டால் மூடிவிட்டால் போர்டு 333 என்று வாசிக்கும். 200 மெகாஹெர்ட்ஸ் பஸ் கொண்ட ஈ2160 போன்ற மலிவான சிப்பை 266க்கு உயர்த்தச் செய்ய வேண்டியது இதன் எதிர்மறை: திறந்திருக்கும் புள்ளியை அருகிலுள்ள தரைப்புள்ளியோடு மின்கடத்தும் பூச்சால் இணைக்க வேண்டும். 1.8 கிகாஹெர்ட்ஸ் சிப் 2.4இல் ஓடும்.

இந்த வழியின் சிறப்பு, பயாஸை ஏமாற்றவே தேவையில்லை என்பது. பயாஸுக்கு அது சட்டப்படியான 333 மெகாஹெர்ட்ஸ் சிப். ரேமின் வேகம் முதலிய எல்லாவற்றையும் அதற்கேற்ப அதுவே அமைத்துக்கொள்ளும். டெல் இன்ஸ்பிரான் 530 போன்ற ஜி33 சிப்செட் கணினிகள், பயாஸில் வேகத்துக்கான ஒரு வரிகூட இல்லாதபோதும், இப்படி முடுக்கப்பட்டன. சிப்செட்டுக்குத் தெரியாத வேகத்தைக் கேட்டால் மட்டும் கணினி தொடங்காது. நாடாவை உரித்தெடுத்தால் பழைய நிலை. நாடா ஒட்டத் துணியாதவர்கள் செட்எஃப்எஸ்பி என்ற மென்பொருளை நாடினர். மதர்போர்டில் கடிகாரத் துடிப்பை உண்டாக்கும் சிப்பின் எண்ணைக் கண்டு, பட்டியலில் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸின் வேகத்தைச் சிறுகச் சிறுக ஏற்றலாம்.

ஒருபுறம் பூட்டிய அதே நிறுவனங்கள் மறுபுறம் வேகத்தை விற்கவும் செய்தன. 2006 தொடக்கத்தில் டெல் காட்டிய எக்ஸ்பிஎஸ் 600 ரெனிகேட், தொழிற்சாலையிலேயே 4.26 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்கிளாக் செய்யப்பட்ட பென்டியத்தோடு வந்தது. வாங்கியவர் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற ஒரு காரியம், விற்பவர் செய்தபோது விலை உயர்ந்த அம்சமாயிற்று.

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை, பஸ்ஸை உயர்த்தும் கதவை அடைத்தது. பிராசசர், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், சாட்டா, யு.எஸ்.பி. எல்லாமே 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரம் ஒன்றிலிருந்து துடிப்பைப் பெற்றன. அதைச் சில சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் டிஸ்க்கும் மற்ற இணைப்புகளும் தடுமாறும். பெருக்கியைத் திறந்துவைத்த சிப்களுக்கு ஐ5-2500கே என்பதுபோல் பெயரின் கடைசியில் கே சேர்த்து, சற்றுக் கூடுதல் விலைக்கு இன்டெல் விற்றது. அதையும் பி67, இசட்68 போன்ற குறிப்பிட்ட சிப்செட்டுகளில்தான் பயன்படுத்த முடியும். அலுவலகக் கணினிகளில் இருந்த க்யூ வரிசைச் சிப்செட்டில் முடியாது. 2015 இறுதியில் ஸ்கைலேக் சிப்களில் அடிப்படைக் கடிகாரத்தை உயர்த்தும் வழியைச் சில மதர்போர்டு நிறுவனங்கள் கண்டபோது, இரண்டு மூன்று மாதங்களுக்குள் புதிய மைக்ரோகோடு அதை மூடியது. முப்பதாண்டுக்கு முன் ஐ.பி.எம். பயாஸில் எழுதிய சோதனையின் நோக்கம்தான் இதற்கும். இம்முறை தடை பிராசசரின் மைக்ரோகோடிலேயே எழுதப்பட்டுவிட்டது.

கடிகாரம் கைவிட்டுப் போனபின் எஞ்சியது மாற்றிப் போடும் வழி. பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் ஓய்வு பெறும்போது அவற்றின் ஸியான் சிப்கள் மிக மலிவாகச் சந்தைக்கு வந்தன. 771 புள்ளி ஸியானுக்கும் 775 புள்ளி கோர் 2க்கும் உள்ள வேறுபாட்டில் முக்கியமானது இரண்டு புள்ளிகள் இடம் மாறியிருப்பது. அவற்றை மாற்றி இணைக்கும் மெல்லிய ஒட்டுச் சில்லைச் சிப்பின் அடியில் ஒட்டி, சாக்கெட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பற்களைக் கத்தியால் சீவிவிட்டால் 3.0 கிகாஹெர்ட்ஸ், 12 மெகாபைட் கேஷ் கொண்ட ஸியான் ஈ5450 வீட்டுக் கணினியில் உட்கார்ந்துவிடும். பயாஸுக்கு அந்தச் சிப்பின் மைக்ரோகோடு தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பிராண்டட் கணினிகளில் அங்கேயே வேலை நின்றது. ஆப்பிளின் 2009 மாக் ப்ரோவில் 2010 மாடலின் ஃபர்ம்வேரை ஏற்றி, ஆறு கோர் சிப்பைப் போட்டவர்கள் அதைப் பத்தாண்டுக்கு மேல் ஓட்டினார்கள். டெல் பிரெசிஷன் டி3500 பயாஸ் புதுப்பித்தால் ஆறு கோரை எந்த உபாயமும் இன்றி ஏற்றது.

பழைய கணினியின் வேகத்தை உண்மையில் மிக அதிகம் மாற்றியது பிராசசர் அல்ல, எஸ்.எஸ்.டி. 2008 முதல் பரவத் தொடங்கி, விலை குறையக் குறைய அது சாதாரண வீட்டுக்கும் வந்தது. சுழலும் தகட்டில் முள் நகர்ந்து தேடும் நேரம் சில மில்லிசெகண்டு; எஸ்.எஸ்.டி.யில் அது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 30 சதவீத ஓவர்கிளாக்கிங்கை உணரப் பெரிய கணக்குப் போட வேண்டும், எஸ்.எஸ்.டி. போட்ட கணினியைத் தொடங்கினாலே தெரியும்.

அலுவலகங்கள் குத்தகை முடிந்து திருப்பும் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட் கணினிகளுக்கு இதனால் இரண்டாம் வாழ்க்கை கிடைத்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் இவை எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ரேமும் சேர்த்து விற்கப்படுகின்றன. விளையாட்டுக்காக கிராஃபிக்ஸ் கார்டு சேர்க்க விரும்புகிறவர்களுக்கு மறுபடியும் பவர் சப்ளை எதிரே நிற்கிறது. ஆப்டிபிளெக்ஸ் 7010இன் சிறிய பெட்டியில் இருப்பது 240 வாட். கிராஃபிக்ஸ் கார்டுக்கான தனிக் கம்பி கிடையாது. அதனால்தான் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் 60 வாட் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 30 வாட் ஜிடி 1030 போன்ற கார்டுகள் இந்தச் சந்தையில் நிலையான கிராக்கி பெற்றன. 9020 தலைமுறையிலிருந்து டெல் 24 கம்பிச் செருகிக்குப் பதில் 8 கம்பிச் செருகிக்கு மாறியது. இம்முறை வடிவமும் வேறு. தவறாக மாட்டிக் கருக்க வழியில்லை. இரண்டையும் இணைக்கும் கேபிள்களும் எளிதில் கிடைக்கின்றன.

இதற்கிடையே பிராசசர்கள் ஓவர்கிளாக்கிங்கைத் தாங்களே செய்துகொள்ளத் தொடங்கிவிட்டன. 2008இல் நெஹலம் சிப்களோடு வந்த டர்போ பூஸ்ட், வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போதெல்லாம் வேகத்தைத் தானாக உயர்த்தியது. ஆண்டுக்கு ஆண்டு அந்த உயர்வு கூடிக்கொண்டே போய், தொழிற்சாலை விட்டுவைத்த இடைவெளி சுருங்கியது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலைச் சிப்கள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தபோது, மைக்ரோகோடைத் திருத்தி, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க நேர்ந்தது. பயனர் எடுப்பதற்கு மிச்சம் ஏதும் அங்கே இருக்கவில்லை.

பழைய பிராண்டட் கணினிக்கு அண்மையில் வந்த தடை வேகத்தைப் பற்றியதே அல்ல. 2021இல் அறிவிக்கப்பட்ட விண்டோஸ் 11, இன்டெல் பக்கம் சில விலக்குகள் தவிர 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை ஏற்பதில்லை, டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சிப்பையும் கேட்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. எஸ்.எஸ்.டி.யும் போதிய ரேமும் பெற்று அலுவலக வேலைக்குத் தடையின்றி ஓடும் ஐ7-3770 கணினி அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. கட்டணத்தோடோ நிபந்தனையோடோ வரும் நீட்டிப்பு, சரிபார்ப்பைத் தாண்டி விண்டோஸ் 11ஐ நிறுவும் வழிகள், லினக்ஸ் என்று மூன்று பாதைகள் இப்போது பழக்கத்தில் உள்ளன. மூன்றில் லினக்ஸ் மட்டுமே கணினியின் வயதைக் கேட்பதில்லை. விற்பனைக் கடைகளில் பழைய ஆப்டிபிளெக்ஸ்களில் உபுண்டு, மின்ட் ஆகியவற்றை நிறுவிக் கொடுக்கும் வழக்கமும் வந்துவிட்டது.